கழுகுச் சட்டை

விமர்சனம் என்றால் புஸ்தகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மனிதர்கள் யோசித்து, திட்டம் போட்டு, நாலு பேர் முன்னால் கொண்டுவந்து வைக்கிற எந்தக் காரியத்தையும் பார்த்து, இது எதைச் செய்ய நினைத்தது, நினைத்ததைச் செய்ததா என்று கேட்கலாம். நாவலைப் பார்த்து நான் கேட்பதும் இந்த இரண்டு கேள்விதான். ஆகையால் ஒரு சட்டை விற்பனையைப் பற்றி விமர்சனம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் வாசகர்கள் அதிசயப்பட வேண்டாம்.

2025ஆம் வருஷம் மே முதல் அக்டோபர் வரையில் நான் டெக்ஸாஸில், டல்லாஸ் நகரத்துக்கு வடக்கே ஓர் ஊரில், என் பிள்ளை வீட்டில் இருந்தேன். பேத்தி ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்து விற்பனையை அந்த வருஷம் நடத்தும் பொறுப்பு என் மருமகள் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது சரியில்லை. அவளே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வேடிக்கை பார்க்கிறவனாகவும், சட்டை மடிக்கிறவனாகவும் நான் கூடவே இருந்தேன்.

அங்கே இதற்கு 'ஸ்பிரிட் வேர்' என்று பெயர். நம் ஊரில் ஸ்பிரிட் என்றால் டாக்டர் ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் தோய்த்துத் தடவுகிற வஸ்து. அங்கே அது அபிமானம். பள்ளிக்கூடத்தின் மேலுள்ள அபிமானத்தை மார்பில் எழுதிப் போட்டுக்கொள்ளுகிற உடை. அமெரிக்காவில் பெரும்பாலான சர்க்கார் பள்ளிக்கூடங்களில் சீருடை கிடையாது. அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறம் உண்டு, ஒரு பிராணி உண்டு. புலி, சிறுத்தை, கரடி, கழுகு என்று பெரும்பாலும் கோரைப் பல்லோ கூரிய அலகோ உள்ள பிராணியாகவே இருக்கும். பசு மாட்டை யாரும் தேர்ந்தெடுப்பதாகத் தெரியவில்லை. பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு நீலமும் கழுகும். வெள்ளிக்கிழமைதோறும் கழுகுச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும். கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இந்த 'வேண்டும்' என்கிற வார்த்தையில்தான் நான் சொல்லப்போகிற சங்கடம் முழுவதும் இருக்கிறது.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1865ல் ஹார்வர்டு கல்லூரியின் பேஸ்பால் கோஷ்டி தங்கள் சட்டையில் கல்லூரிப் பெயரின் முதல் எழுத்தைத் தைத்துக்கொண்டார்கள். முக்கியமான பந்தயத்தில் ஆடியவன்தான் அந்த எழுத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம், ஆடாதவன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. அதாவது எழுத்து சம்பாதிக்க வேண்டிய பொருளாக இருந்தது. இன்றைக்கு அதே எழுத்தை ஏழு வயசுக் குழந்தை பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே பதினைந்து டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம். குழந்தை பந்தயம் ஆடிவிட்டு வரட்டும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் உள்ளே நுழையாத வகுப்பின் மேல் அபிமானத்தை முன்பணமாகக் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லுகிறேன்.

விற்பனையை நடத்துவது பெற்றோர் ஆசிரியர் சங்கம். 1897ல் வாஷிங்டனில் ஆலிஸ் பர்னி, ஃபீபி ஹர்ஸ்ட் என்ற இரண்டு பெண்மணிகள் தாய்மார்கள் மகாநாடாகக் கூட்டிய ஸ்தாபனம் வளர்ந்து தேசம் முழுவதும் கிளை விட்டிருக்கிறது. குழந்தைகளை வேலைக்கு வைத்துக்கொள்ளுவதற்கு எதிரான சட்டங்களுக்காகவும், பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்காகவும் குரல் கொடுத்த ஸ்தாபனம். இன்று அதன் உள்ளூர்க் கிளை ஒன்றின் கூட்டத்தில் அரை மணி நேரம் விவாதிக்கப்பட்ட விஷயம், கழுகு இடது பக்கம் பார்க்கலாமா வலது பக்கம் பார்க்கலாமா என்பது. நான் கேலி செய்யவில்லை. நம் ஊர் இலக்கியச் சங்கங்களின் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். என் மருமகள் ஒரு நோட்டுப் புஸ்தகத்தை மே மாதமே திறந்துவிட்டாள். பின்னாலிருந்து கணக்குப் போட்டாள். ஆகஸ்டு நடுவில் பள்ளிக்கூடம் திறக்கிறது. முதல் வெள்ளிக்கிழமை சட்டை குழந்தைகள் உடம்பில் இருக்க வேண்டும். அச்சுப் போடுகிறவருக்கு இரண்டு வாரம் வேண்டும். அதற்கு முன் ஆர்டர் வாங்க மூன்று வாரம். ஆனால் அது கோடை விடுமுறை. பாதிக் குடும்பங்கள் ஊரில் இருக்காது. ஆகவே பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன்பே ஒரு தடவை சொல்லி, ஜூலையில் ஞாபகப்படுத்தி, புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஒரு பங்கு கைச்சரக்காகவும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கைச்சரக்கில்தான் ஆபத்து. எந்த அளவில் எத்தனை? குழந்தைச் சட்டையில் ஐந்து அளவு, பெரியவர் சட்டையில் ஐந்து அளவு. தாய்மார்கள் எல்லோரும் வளருகிற பிள்ளை என்று ஓர் அளவு கூட்டியே வாங்குவார்கள் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். கும்பகோணத்துத் தையல்காரருக்கும் இது தெரியும்.

வரி விஷயத்தையும் அவள் கவனித்திருந்தாள். டெக்ஸாஸில் இந்த மாதிரிச் சங்கங்கள் வருஷத்தில் இரண்டே இரண்டு நாள் விற்பனை வரி வாங்காமல் விற்கலாம். மற்ற நாளில் விற்றால் ராஜ்யத்துக்கும் ஊருக்குமாகச் சேர்த்து நூற்றுக்கு எட்டேகால் வரைக்கும் வசூலித்துக் கட்ட வேண்டும். அந்த இரண்டு நாளில் ஒன்றை, குழந்தைகள் புது வாத்தியாரைப் பார்க்கப் பெற்றோரோடு வருகிற மாலைக்கு வைத்துக்கொண்டாள். இன்னொன்றை அக்டோபருக்கு. நல்ல நாவலாசிரியன் அத்தியாயம் பிரிப்பதைப் போல இருந்தது.

இனிமேல் குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை சட்டையிலேயே இருந்தது. கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேருடைய விருப்பமும் அந்தச் சட்டையில் ஏறிவிட்டது. கழுகு, கழுகின் காலடியில் புஸ்தகம், பின்னால் நட்சத்திரம், மேலே பள்ளிக்கூடத்தின் பெயர் வளைவாக, கீழே ஓர் உபதேச வாக்கியம், அதற்கும் கீழே 2025–26 என்று வருஷம். துணியில் ஸ்க்ரீன் போட்டு அச்சடிக்கிறவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் கட்ட வேண்டும். நீலம் போன்ற அழுத்தமான துணி என்றால் நிறம் எடுபடுவதற்காக அடியில் வெள்ளை ஒன்று தனியாக ஓட்ட வேண்டும். அதற்கு இன்னொரு சட்டம். சட்டம் கட்டுகிற கூலி இருபத்துநாலு சட்டைக்கும் ஒன்றுதான், இருநூற்றுநாற்பது சட்டைக்கும் ஒன்றுதான். ஆகவே நிறத்தைக் கூட்டக் கூட்ட விலை ஏறுகிறது, அழகு குறைகிறது. எழுத்தில் விசேஷணங்களைக் கூட்டினால் என்ன ஆகிறதோ அதுதான். வெள்ளை ஒன்றில் மட்டும் ஒரு கழுகு போதும் என்று என் மருமகள் வாதாடினாள். அவளுக்கு ஒரு ஓட்டுத்தான் கிடைத்தது. எனக்கு ஓட்டு இல்லை.

வருஷம் போட்டது அதைவிடப் பெரிய பிசகு. அதன் பலனைக் கடைசியில் சொல்லுகிறேன்.

சட்டைகள் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கிய அன்று நான் ஆவலோடு கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். திருப்பூர் என்று இருக்கும் என்று ஓர் ஆசை. ஹோண்டுராஸ் என்று இருந்தது. அமெரிக்க நூல் மத்திய அமெரிக்காவுக்குப் போய்ப் பனியனாகி அமெரிக்காவுக்கே திரும்பி வருவது ஒரு பழகிய பாதை. டெக்ஸாஸில் விளைந்த பஞ்சாகவேகூட இருக்கலாம். எனக்கு வந்த ஏமாற்றத்துக்கு நியாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏமாற்றம் வந்தது.

இரண்டாவது குறை, குறை என்று சொல்லுவதைவிடக் குழப்பம் என்று சொல்ல வேண்டும். இந்த விற்பனை எதற்காக? மருமகளைக் கேட்டேன்.

"லாபத்துக்குத்தான் மாமா. போன வருஷம் லைப்ரரிக்குப் புஸ்தகம் வாங்கினோம். மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போக பஸ் வாடகை கொடுத்தோம்."

"அப்படியானால் நேரே பணம் கேட்டுவிடலாமே. சட்டை எதற்கு?"

"நேரே கேட்டால் இருபது பேர் கொடுப்பார்கள். சட்டை என்றால் முந்நூறு பேர் வாங்குவார்கள். அதோடு எல்லாரும் ஒரே மாதிரி போட்டுக்கொண்டு வந்தால் குழந்தைகளுக்கு ஒரு ஒற்றுமை வரும் இல்லையா?"

அவள் சொன்ன முதல் காரணம் உண்மை. இரண்டாவது காரணமும் உண்மை. இரண்டும் ஒரே சட்டைக்குள் இருக்க முடியாது என்பதுதான் சங்கடம். பணம் வேண்டும் என்றால் விலையை ஏற்ற வேண்டும். ஏற்றினால் சிலர் வாங்க மாட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் ஒருவர்கூட விட்டுப்போகக்கூடாது. அப்போது லாபம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. கமிட்டி இரண்டையும் நினைத்து எட்டு டாலர் அடக்கமான சட்டைக்குப் பதினைந்து டாலர் விலை வைத்தது. முந்நூற்று அறுபது அடித்து முந்நூற்று இருபது விற்றார்கள். கணக்குப் பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது டாலர் மிச்சம். பொருளாதார ரீதியில் வெற்றி என்று ஒத்துக்கொள்ளுகிறேன்.

நான் பார்த்தது வேறு இரண்டு காட்சிகள்.

வாத்தியாரைப் பார்க்க வருகிற அந்த மாலையில், நடையில் மேஜை போட்டு மருமகள் சட்டை விற்றாள். நான் பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று குழந்தைகளோடு ஒரு தாய் வந்தாள். விலை கேட்டாள். பதினைந்து என்றதும் அவள் பார்வை ஒரு தடவை மூன்று குழந்தைகள் மேலும் போய்விட்டு வந்தது. நாற்பத்தைந்து. ஒரு சட்டையை எடுத்து மூத்தவன் முதுகில் வைத்துப் பார்த்தாள், பிறகு நடுப்பெண் முதுகில் வைத்துப் பார்த்தாள். பெரிய அளவாக ஒன்று வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அது தரித்திரமா சிக்கனமா எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் மூன்று குழந்தைகளுக்கு ஒரு சட்டை என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமைதான் ஒரு குழந்தைக்கு அபிமானம்.

இரண்டாவது காட்சியை நான் நேரில் பார்க்கவில்லை; பேத்தி சொன்னாள். முன்கூட்டியே பணம் கட்டியவர்களின் சட்டைகளை நாங்கள் பை பையாகப் போட்டு, பெயர் ஒட்டி, வகுப்பு வாரியாக அடுக்கிக் கொடுத்திருந்தோம். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பைகளை வாத்தியாரம்மா வகுப்பில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"தாத்தா, எங்க கிளாஸ்ல இருபத்திரண்டு பேர். பதினாலு பேருக்குப் பை வந்தது."

"மற்ற எட்டுப் பேர்?"

"அவங்களுக்கு டீச்சர் ஸ்டிக்கர் கொடுத்தாங்க."

வாத்தியாரம்மா நல்லவள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஏதோ தோன்றி, மேஜை டிராயரைத் திறந்து கையில் அகப்பட்டதைக் கொடுத்திருக்கிறாள். மே மாதத்திலிருந்து போட்ட திட்டத்தில் அளவு இருந்தது, நிறம் இருந்தது, வரி இருந்தது, அச்சுக்காரரின் தவணை இருந்தது. பெயர் கூப்பிடாத எட்டுக் குழந்தைகள் அந்த ஐந்து நிமிஷத்தில் எங்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது இல்லை. நோட்டுப் புஸ்தகத்தில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அடுக்கிக் கொடுத்தவனாகிய எனக்கும் தோன்றவில்லை. ஐம்பது வருஷம் கதை எழுதினவன்.

அன்று இரவு இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். மருமகளுக்குக் கோபம் வந்தது. "வாங்க முடியாதவர்கள் சொன்னால் சும்மாவே கொடுப்போம் மாமா. பாரத்திலேயே ஒரு கட்டம் போட்டிருக்கிறோம்" என்றாள். வாஸ்தவம். பாரத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போடுகிற கை எப்படிப்பட்ட கையாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். பிள்ளை பேச்சை மாற்றிவிட்டான்.

எனக்குச் சின்ன வயசு ஞாபகம் ஒன்று வந்தது. 1958ல் காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது, கல்வி இலாகாத் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மகாநாடு என்று ஒன்றை ஜில்லா ஜில்லாவாக நடத்தினார். ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அது ஊர்வலமாகவே வந்தது. பெஞ்சு ஒருவர் தலையில், கரும்பலகை இரண்டு பேர் தோளில், சுவர்க் கடிகாரம் மிராசுதார் வீட்டுக் கணக்குப்பிள்ளை கையில், நாயனம் முன்னால். ஒரு செட்டியார் ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி கொடுத்தார். கொடுத்தவர் பெயரை மேடையில் படித்தார்கள். வாங்கிக்கொண்ட பிள்ளையின் பெயரை யாரும் படிக்கவில்லை. அந்த ஊர்வலத்திலும் ஆடம்பரம் இருந்தது, ஜாதிப் பெருமை இருந்தது, போட்டி இருந்தது. எல்லாம் பெரியவர்களோடு நின்றது. குழந்தையின் மார்பில் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. பின்னால், 1985 முதல், சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்குச் சர்க்காரே சீருடை கொடுக்க ஆரம்பித்தது. சீருடை என்பதற்கு நம்மிடம் சொல்லப்படுகிற நியாயமே, யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று துணியைப் பார்த்துத் தெரியக்கூடாது என்பதுதான்.

அமெரிக்காவிலும் இந்த யோசனை இல்லாமல் இல்லை. 1994ல் கலிபோர்னியாவில் லாங் பீச் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் சீருடையைக் கட்டாயமாக்கின. 1996ல் ஜனாதிபதி கிளிண்டன் பார்லிமெண்டுப் பிரசங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார். ஆனால் தன் உடையைத் தானே தேர்ந்தெடுப்பது அந்த மண்ணில் ஓர் உரிமை. அதை நான் மதிக்கிறேன். காக்கி நிஜாரில் வளர்ந்தவனுக்கு அதன் அருமை தெரியும். என் புகார் அந்த உரிமையைப் பற்றியது அல்ல. தேர்ந்தெடுக்கிற உரிமையைக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் விலை போட்ட ஒரு சீருடையைக் கொண்டுவருகிறார்களே, அதைப் பற்றியது.

இன்னொரு வேடிக்கை. பணக்கார ஜில்லாக்களின் சொத்து வரியில் ஒரு பங்கை மற்ற ஜில்லாக்களுக்குப் போகும்படி செய்கிற சட்டம் ஒன்று 1993 முதல் டெக்ஸாஸில் இருக்கிறது. வரிப் பணத்துக்கு அந்தச் சட்டம் உண்டு. சட்டை விற்ற பணத்துக்குக் கிடையாது. அது விற்ற பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிடும். வாங்குகிற சக்தி உள்ள பெற்றோர்கள் நிறைந்த பள்ளிக்கூடத்தில் கழுகு நன்றாகக் கொழுக்கும். இல்லாத இடத்தில் கழுகு இருக்கும், புஸ்தகம் இருக்காது.

என் மருமகள் பிடிவாதக்காரி. ஆனால் கேட்டதை மறக்கிறவள் இல்லை. ஒரு வாரம் என்னோடு அளவாகப் பேசினாள். பிறகு செப்டம்பர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, அக்டோபர் விற்பனையில் மூன்று மாறுதல்கள் என்று சொன்னாள். பைகளை வகுப்பில் கொடுப்பதில்லை. சாயங்காலம் பெற்றோர் வந்து வாங்கிக்கொள்ளுவது. வெள்ளிக்கிழமைக்குக் கழுகுச் சட்டை வேண்டாம், நீலமாக எது இருந்தாலும் சரி என்று எல்லா வீட்டுக்கும் எழுதி அனுப்புவது. புதுச் சட்டை ஒரே நிறத்தில் அச்சு, பத்து டாலர். மூன்றாவதற்கு மட்டும் எதிர்ப்பு இருந்ததாம். லாபம் குறையும் என்றார்களாம். குறைந்தது. அக்டோபரில் மிச்சம் நானூறு டாலருக்குச் சற்று மேல்தான். மியூசியத்துக்குப் போக இரண்டு பஸ்ஸுக்குப் பதில் ஒரு பஸ் என்று ஆயிற்று; இரண்டு வகுப்புகள் வசந்த காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பேத்தியின் வகுப்பு அதில் ஒன்று. அவள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. விமர்சகன் சொன்னதைக் கேட்டு ஒரு காரியம் நடந்தால் அதற்கும் ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் விற்பனையில் மிஞ்சிய நாற்பது சட்டைகள் வண்டிக் கொட்டகையில் கிடந்தன. வருஷம் அச்சடித்திருந்ததால் அடுத்த வருஷம் வைத்து விற்க முடியாது. குழந்தை அளவில் இருந்த இருபத்தைந்தைப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளின் கஷ்டங்களைக் கேட்கிற ஆலோசகரிடம் மருமகள் கொடுத்துவிட்டாள். வேண்டிய குழந்தைக்கு அவர் சத்தமில்லாமல் கொடுப்பார். மிச்சம் பதினைந்தும் பெரியவர்களில் மிகப் பெரிய அளவு. யாருக்கும் உதவாது. நான் இரண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

நல்ல துணி, சொல்ல வேண்டும். கும்பகோணத்து வெயிலுக்குத் தொளதொளவென்று சுகமாக இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, பால்காரர் கழுகையும் அதன் காலடிப் புஸ்தகத்தையும் வெகு நேரம் பார்த்தார்.

"இது எந்தக் கோவில் கருட சேவைக்குப் போட்டதுங்க ஐயா?" என்றார்.

டெக்ஸாஸ் என்றேன்.

"அங்கேயும் பன்னிரண்டு கருடனுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பாலை அளந்தார்.